நாலாயிரம் பேருக்குத் தெரிந்த ஸ்டூல்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

என் மணியத்தானுக்கு,

லில்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. இனி உங்களுக்கு வலியும் இல்லை, கண்ணீரும் இல்லை என்று அடக்க ஆராதனையிலேயே நம் சபை ஐயர் அரைமணி நேரம் சொல்லிவிட்டார். கொடுத்துவைத்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். முப்பத்துநாலு வருஷம் தபால் ஆபீசில் ஊர்க் கடிதமெல்லாம் பிரித்துப்போட்டவருக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன பின்கோடு போடுவது என்று தெரியவில்லை. அதனால் எழுதி முடித்ததும் நீங்கள் செய்த மேசையின் இழுப்பறையில் வைக்கப்போகிறேன். அது ஒரு தடவை மூடினால் மறுபடி திறக்காது, பத்திரமாக இருக்கும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் பேரில்தான் கோபம்.

முதலில் இருந்து சொல்கிறேன். நம் மகன் கிங்ஸ்லி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், "அப்பா, கார் வாங்கிட்டு வாரேன், நிறுத்த இடம் வேணும்லா" என்று சொன்னான் என்பதற்காக என் முருங்கை மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஷெட் போட்டீர்கள். ஒன்பது வருஷமாகக் காரும் வரவில்லை, முருங்கைக்காயும் இல்லை. நீங்கள் ரிட்டயர் ஆன மறுவாரம் அந்த ஷெட்டுக்குள் ஒரு அறுக்கிற மெஷின் வந்து இறங்கிற்று. அதற்குத் துணையாக இழைக்கிற மெஷின், அதற்குத் துணையாகத் துளை போடுகிற மெஷின் என்று கல்யாண வீட்டுக்கு ஆள் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் மரத்தூள் விழாத இடம் கிடையாது. காயப்போட்ட மோர்மிளகாயில் மரத்தூள், தலையணை உறையில் மரத்தூள், பசை கலக்குவதற்கு என் குழிக்கரண்டி. பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் மட்டும் முப்பத்தேழு இருந்தது. இத்தனை எதுக்கு அத்தான் என்று கேட்டால், "இன்னும் ரெண்டு இருந்தா நல்லாருக்கும் ஏளா" என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராப்போஜன ஆராதனைக்கு உடுத்தின வெள்ளைச் சேலையோடு உங்களைக் கூப்பிட வந்தவள், கால் வலிக்கிறதே என்று அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் வார்னிஷ் அடித்துக் காயப்போட்டிருந்த பெஞ்சு. நான் எழுந்தேன், சேலை எழவில்லை. "இனிமே இந்த ஷெட்டுக்குள்ள என் காலு படாது, இங்கன செய்யுத ஒரு சாமானும் எனக்கு வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்னேன், சொன்னபடியே இருந்தேன். நான் வாக்கு மாறாதவள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஷெட்டுக்குள்ளிருந்து நீங்கள் தனியாகப் பேசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு குஞ்சும் இல்லை, நீங்கள் மட்டும் நின்றுகொண்டு "வணக்கம் மக்களே" என்கிறீர்கள். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஓடிப்போய் ஐயரைக் கூட்டிவந்தேன். அவர் உங்கள் தலையில் கையை வைத்துக் கால்மணி நேரம் ஜெபித்தார், நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். யூடியூப்புக்குப் படம் பிடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஜெபம் முடிந்தபிறகுதான், வாசலில் நின்றபடியே, பலகை அடுக்கில் போன் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். அந்த ஜெபமும் அப்படியே யூடியூப்பில் போயிற்று. 'ஷெட்டுக்குள்ளே சிகாமணி' என்று நீங்கள் நடத்தின சானலிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்களாம், பதினோராயிரம் பேர், துபாயிலிருந்து ஒருத்தர் ஆமென் என்று எழுதினாராம். நீங்கள் செய்த ஒரு மரச் சாமானுக்கும் அத்தனை கூட்டம் வந்ததில்லை.

கூட்டம் எப்படி வரும், நீங்கள் செய்தது அப்படி. வீட்டுக் கதவைவிட நாலு விரல் அகலமாக அலமாரி செய்தீர்கள், அது இன்றுவரை ஷெட்டில் நிற்கிறது. குருவிக்கென்று கூடு செய்தீர்கள், குளவி வந்து குடியேறிற்று. கோயிலுக்கு வேதாகமம் வைக்கிற சாய்வுப் பலகை செய்து கொடுத்தீர்கள், முதல் ஞாயிறே வேதாகமம் சறுக்கி ஐயர் கால் பெருவிரலில் விழுந்தது. உங்களுக்காக ஜெபித்த மனுஷனுக்கு நீங்கள் செய்த கைம்மாறு அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குட்டி ஸ்டூல். முழங்கால் உயரம்கூட இல்லை. நீங்கள் அதைக் கொண்டுவந்து வைத்த அன்று, போகட்டும், ஆசையாகச் செய்திருக்கிறார் என்று, என் வாக்கை அந்த ஒரு தடவை மட்டும் தள்ளிவைத்து, அடுக்களையில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மல்லாத்திவிடப் பார்த்தது. முன்கால் இரண்டும் உயரம், பின்கால் இரண்டும் குட்டை. நாலு காலை ஒரே அளவாக அறுக்கத் தெரியாத மனுஷனுக்கு மூன்று மெஷினா என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், தினமும் நீங்கள் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் நான் மீன் கழுவுகிற அங்கணத்தில் வைப்பீர்கள். நான், "மரச் சாமானைக் கொண்டு தண்ணிக்குள்ள போடுதியள, உளுத்துப் போகாதா" என்று சத்தம்போட்டு எடுத்துவந்து உள்ளே போடுவேன். மறுநாள் மறுபடியும் அங்கணத்தில் இருக்கும். இரண்டு வருஷம் இதே வேலையாக இருந்தோம், ஒருத்தரும் வாயைத் திறந்து ஏன் என்று கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

அப்புறம் தை மாசம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே, என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டீர்கள். அதைப்பற்றி எழுதமாட்டேன். உங்கள் சட்டைப் பையில் ஒரு பென்சில் இருந்தது, காதில் ஒன்று இருந்தது, அதைமட்டும் எழுதுகிறேன்.

நாற்பதாம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். உங்கள் போட்டோவை எதன்மேல் வைப்பது என்று யோசித்தேன். உங்கள் கையால் செய்த சாமானின்மேல் இருக்கட்டும் என்று எனக்கே தோன்றி, அந்த ஸ்டூலை ஹாலில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் போட்டோவை நிறுத்தினேன். ஐயர் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வார்த்தையிலேயே நீங்கள் பைய பின்னால் சாய்ந்து, துணியோடு சறுக்கி, கண்ணாடி சுக்குநூறாகப் போயிற்று. ஐயர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். பின்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினது யார் என்று எனக்குத் தெரியும். செத்த மனுஷனைச் சபைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் தள்ளிவிட்டால், அந்த ஸ்டூலைச் சும்மா விடலாமா? மறுநாள் காலையிலேயே பரமசிவன் ஆசாரியை வரச்சொன்னேன், நாலு காலையும் ஒரே மட்டமாக அறுத்துத் தாரும் என்றேன்.

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எம்மா, இது தெரியாம அறுத்த கால் இல்ல பாத்துக்கிடுங்க. அளவெடுத்து, சாய்வு வச்சு அறுத்திருக்காரு. எங்கன போடுததுக்குச் செஞ்சாரு?" என்று கேட்டார்.

"செஞ்சவரு கல்லறைத் தோட்டத்துல இருக்காரு, அங்கன போய்க் கேளும்! நீரு அறுக்கீரா, வேற ஆளைக் கூப்பிடட்டா?"

"நான் சொல்லுதத சொன்னேன். பெறவு என்னைய ஏசக்கூடாது" என்றார், அறுத்தார். முன்கால் இரண்டிலும் இரண்டு விரல்கடை போயிற்று. ஸ்டூல் ஹாலில் ஆடாமல் அசையாமல் நின்றது. புதுக் கண்ணாடி போட்டு உங்களை அதன்மேல் நிறுத்தினேன், நீங்களும் நின்றீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னபடி நீங்கள் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

நேற்று ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும், தலையில் முக்கால்வாசி முடி இல்லை, கையில் ஒரு பொட்டலம் உடன்குடிக் கருப்பட்டி. "அம்மா, நான் மெர்வின், திசையன்விளையில சைக்கிள் கடை வச்சிருக்கேன். அண்ணாச்சி வீடியோ ஒண்ணு விடாம பாத்திருக்கேன். அவரு போன விசயம் இப்பத்தான் தெரியும். மூணு மாசமா வீடியோ வரலையேன்னு விசாரிச்சிக்கிட்டே வந்தேன்" என்று சொல்லி, கண் கலங்கினார். எனக்கும் வந்துவிட்டது. உட்காரச் சொல்லி, அவர் கொண்டுவந்த கருப்பட்டியிலேயே காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். கொஞ்சம் நெளிந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதிய. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க உக்காந்தியளா?"

"எதுல?"

"அதுலதாம்மா. உக்காந்தியளா இல்லையா? நாங்க எல்லாரும் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டிருக்கோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். புருஷன் செத்த வீட்டுக்குள் நுழைந்து, முன்னேபின்னே பார்த்திராத பொம்பளையிடம் உட்கார்ந்தாயா, நின்றாயா என்று விசாரிப்பதற்கு இவர் யார், 'எல்லாரும்' என்பது யார்? அவர் பயந்துபோய், போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

நீங்கள் வந்தீர்கள். காதில் பென்சிலோடு வந்தீர்கள். நம் அங்கணத்தில் நின்றுகொண்டு பேசினீர்கள். மூன்று மாசம் கழித்து உங்கள் குரலைக் கேட்கிறேன், அதுவும் ஒரு சைக்கிள் கடைக்காரர் போனில். "வணக்கம் மக்களே. எங்க வீட்டுக்காரி கோயில்ல பெண்கள் கூட்டத்துக்குப் போயிருக்கா, அவ வாரதுக்குள்ள இந்த வேலைய முடிச்சிருவோம்" என்கிறீர்கள். கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தை அங்கணத்துத் தரையில் வைக்கிறீர்கள். "குமிழியப் பாருங்க, நடுவுல நிக்கவே மாட்டேங்கு. இந்தத் தரையில தேங்கா வச்சா அதுவா உருண்டு மடைக்குப் போயிரும். இந்தச் சரிவுலதான் முப்பது வருசமா அவ குந்தி மீன் கழுவுதா, இடுப்பு வலின்னு ராத்திரி தைலம் தேய்க்கா. இடிச்சிக் கட்டுவோம்னா, தண்ணி தேங்கும் வேண்டாம்னுட்டா. சரி, தரை மாறாதுன்னா காலை மாத்துவோம். மடைப்பக்கம் வார காலு ரெண்டும் உயரம், செவருப்பக்கம் ரெண்டும் குட்டை. இங்கன போட்டா உக்காருத பலகை மட்டமா நிக்கும். உயரம் அவ முழங்காலுக்குத் தக்கன." அந்த உயரத்தை எப்போது அளந்தீர்கள் தெரியுமா? அதையும் வாய் கூசாமல் சொல்கிறீர்கள். குடும்ப ஜெபத்தில் நான் கண்ணை மூடி ஜெபம் ஏறெடுத்துக்கொண்டிருந்தபோது டேப்பை வைத்து அளந்தீர்களாம். நான் அன்றைக்கு உங்கள் ரத்தக்கொதிப்புக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கடைசியில் சொல்கிறீர்கள்: "எதுக்குச் செஞ்சதுன்னு அவகிட்ட நான் சொல்லப்போறதில்ல மக்களே. சொன்னா, ஷெட்டு சாமான் எனக்கு வேண்டாம்னுருவா, வாக்கு மாற மாட்டா. இத அங்கன கொண்டு வச்சுக்கிட்டே இருப்பேன். அவளா ஒரு நாள் உக்காந்து, 'அத்தான், இது மட்டும் ஏன் இங்கன சாயல'ன்னு கேக்கணும். கேக்குத அன்னைக்குச் சொல்லுதேன்."

அதற்குப் பிறகு நீங்கள் போட்ட ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும், அலமாரியோ குருவிக்கூடோ என்னவாக இருந்தாலும், ஜனங்கள் கேட்டது ஒன்றுதானாம். "அம்மா உக்காந்தாங்களா?" நீங்களும் ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்லை" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். மெர்வின் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். இன்னும் இல்லை. இன்னும் இல்லை. கடைசியாக எழுதினது நீங்கள் போவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால். "இன்னும் இல்லை. அவசரம் இல்லை."

அவசரம் இல்லையா? யாரைக் கேட்டு அவசரம் இல்லை என்று எழுதினீர்கள்? திசையன்விளைக்காரருக்குத் தெரிகிறது, துபாய்க்காரருக்குத் தெரிகிறது, முன்னால் மாஞ்சோலையில் தேயிலை கிள்ளின ஒரு அம்மாள், என் இடுப்பு வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று எழுதியிருக்கிறாள், அந்த அம்மாளுக்கும் தெரிகிறது. அந்த வீடியோவைப் பார்த்த நாலாயிரம் பேருக்குத் தெரிகிறது. அந்த ஸ்டூலில் உட்காரவேண்டியவளுக்கு மட்டும் தெரியாது. இரண்டு வருஷம் நான் ஏசினேனே, கை விளங்காத மனுஷன், கால் அறுக்கத் தெரியாத மனுஷன் என்று பக்கத்து வீட்டு ஆசியா உம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே, ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்திருந்தால் என்ன? பிடிவாதத்தில் நான் மோசம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னைவிட மோசம், அதைச் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறீர்கள்.

மெர்வின் எழுந்து, "அந்த ஸ்டூலை ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேம்மா" என்றார். ஹாலில், உங்கள் போட்டோவுக்குக் கீழே நின்றது. குனிந்து காலைப் பார்த்தார். நாலும் ஒரே மட்டமாக இருப்பதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷர் ஏசியிருந்தாலாவது நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவர் போனபிறகு அதை எடுத்துக்கொண்டுபோய் அங்கணத்தில் போட்டு உட்கார்ந்தேன். மடைப்பக்கம் குப்புறத் தள்ளிவிட்டது.

ஆகையால் நான் முடிவு செய்துவிட்டேன், கேட்டுக்கொள்ளுங்கள். கிங்ஸ்லி கார் வாங்கிவிட்டான். ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் அவனுக்குக் கார் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மருமகள் ஸ்வீட்லினையும் கூட்டிக்கொண்டு அதில் வருகிறான், ஷெட்டைக் காலி பண்ணி வைங்கம்மா என்கிறான். பரமசிவனை வெள்ளிக்கிழமை வந்து மெஷின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அலமாரியைப் பிரித்து விறகாக்கிவிடுவேன். சானலை மூடிவிடும்படி மெர்வினிடம் சொல்லப்போகிறேன், ஊர்க்காரர்கள் என் இடுப்பைப் பற்றிப் பேசினது போதும். ஸ்டூல் அடுப்புக்குள் போகும். இனி உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஐயர் உங்களுக்கு வாழ்த்துதல் சொல்கிறார், கால் விரல் சுகமாகிவிட்டது. ஆசியா உம்மாள் விசாரித்தாள். நாம் மறுபடி காணும்வரை தேவன் உங்களைக் காப்பாராக, அங்கேயாவது உங்கள் கைக்கு எட்டின இடத்தில் ரம்பம் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் பேரில் கோபமாக இருக்கும்
லில்லி ஞானசிகாமணி

பின்குறிப்பு: இன்றைக்குச் சனிக்கிழமை. இழுப்பறைக்குள் வைத்த கடிதத்தை வெளியே எடுக்க முடியாமல் மெர்வினுக்குப் போன் போட்டேன். கீழேயிருந்து ஒரு குத்துக் குத்தி இழுத்தால் வரும் என்றார், அதற்கும் ஒரு வீடியோ இருக்கிறதாம். குத்தினேன், வந்தது.

நேற்று பரமசிவன் லோடு ஆட்டோவோடு வந்தார். ஸ்டூல் அடுப்புப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தன் பைக்குள் கையை விட்டு இரண்டு மரத்துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "அவரு அளவு பாத்து வச்ச கால்ல அறுத்த துண்டும்மா, தூரப்போட மனசு வரல. என்னைக்காவது கேப்பியன்னு தெரியும்" என்றார். நான் அவரை ஏசவில்லை. ஆணி அடிக்கமாட்டேன், உள்ளே மரமுளை வைத்துப் பசை போட்டு இறுக்கித் தருகிறேன், ஷெட்டிலிருந்து நாலு கிளாம்ப் எடுத்துவாருங்கள் என்றார். வேறு யார் இருக்கிறார்கள், நானே உள்ளே போனேன். காலில் மரத்தூள் குளிர்ச்சியாக இருந்தது. கிளாம்ப் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் நாலு போட்டார், போதும் என்றார். "இன்னும் ரெண்டு போடும், நல்லாருக்கும்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று.

லோடு ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கிங்ஸ்லி காரைத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தட்டும், மரம் என்றால் என்ன என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும். அலமாரியை விறகாக்கவில்லை, அது உள்ளே வர வீட்டுக் கதவைத்தான் அகலப்படுத்தப்போகிறேன். சானலை மூடவேண்டாம், எல்லாருக்கும் "உட்கார்ந்தாச்சு" என்று பதில் எழுதிவிடும் என்று மெர்வினிடம் சொல்லிவிட்டேன். பொய் சொல்லவில்லை. இன்று காலையில் பசை காய்ந்ததும் சாளை மீன் வாங்கி, ஸ்டூலை அங்கணத்தில் போட்டு, நீங்கள் சொன்ன மாதிரி உயரக் கால் மடைப்பக்கம், குட்டைக் கால் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்தேன். இரண்டு கிலோ சாளை கழுவினேன். வேலை முடிந்தும் எழுந்திருக்க மனசில்லாமல் அதிலேயே இருந்துதான் இதை எழுதுகிறேன்.

அத்தான், இது மட்டும் ஏன் இங்கன சாயல?